ஓபர்லின் பெருமகனார்

பிரான்சு நாட்டின் கிழக்கெல்லையில் வோஷ் என்னும் மலைத்தொடர் உள்ளது. அதன் நடுவே கற்பாங்கான பள்ளத்தாக்கு ஒன்றில் ஐந்து சிற்றூர்கள் இருந்தன. மண்ணோ மெலிந்தது; பனிக்காலமோ நெடியது. வெளியுலகோடு அவ்வூர்களை இணைக்கும் நல்ல வழி இல்லை. அங்கே கல்வி எந்நிலையில் இருந்தது என்பதற்கு ஒரு செய்தி வழங்குகிறது. ஸ்டூபர் என்ற போதகர் அங்கு வந்து, பள்ளி எங்கே என்று வினவினார். பிள்ளைகள் கூச்சலிடும் குடிசை ஒன்றைக் காட்டினர். அதனுள்ளே முதியவர் ஒருவர் படுத்திருந்தார். பன்றி மேய்க்கும் வலிமையும் போய்விட்டமையால் அவரை ஆசிரியராக்கியிருந்தனர்! தமக்கு ஒன்றும் தெரியாதாகையால் தாம் ஒன்றும் கற்பிப்பதில்லை என்று அவர் மறையாமல் கூறினாராம்.

ஸ்டூபர் தொடங்கிய நற்பணியை நிறைவேற்றியவர் ஜான் பிரடெரிக் ஓபர்லின். அவர் 1740ஆம் ஆண்டு ஸ்டிராஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தையார் ஆசிரியர். சமயக் கல்வி பயின்று தேர்ந்த ஓபர்லின், 1767ஆம் ஆண்டு வால்டர்ஸ்பாக் என்னும் சிற்றூருக்குப் போதகராய் வந்து சேர்ந்தார். நகர வாழ்வின் நலங்களை வேண்டியிருந்தால் அவருக்கு அவை கிடைத்திருக்கும், அவர் வேண்டினாரில்லை.

மக்கள் அவரை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. புதிய பள்ளிக்கட்டடம் தங்கள் தலைமேல் சுமையாய் விழும் என்று அஞ்சினர். அச்சுமை அவர்களைச் சாராதபடி ஓபர்லின் நண்பர்களிடம் பொருள் திரட்டியும் தம் கைப்பொருளைச் செலவிட்டும் பள்ளி எழுப்பினார். வழி அமைக்க வாருங்கள் என்று அழைத்தபோதும் அவர்கள் தயங்கினர். அவரோ தாமே மண்வெட்டியைத் தோளில் ஏந்தி முன் நடந்தார். அதன்பின் தயங்கி நின்றோர் பலர் அல்லர்.

ஆயினும் அவர் உள்ளத்தை மிகவும் வருத்தியது மற்றொன்று. பெற்றோர் வயலுக்குச் சென்றபின், பள்ளிப் பருவம் எய்தாத இளங்குழந்தைகள் தெருவிலும் சேற்றிலும் திரிந்தனர். பொய்யும் வசைமொழியும் அவர்கள் நாவில் எளிதாய்ப் படிந்தன. ஆறு வயதுக்குமுன் வேரூன்றியதைப் பின்னர்க் களைவது அரிதன்றோ? பெல்மோன் என்ற ஊரில் சாரா பன்சே என்னும் இளம்பெண் அண்டைவீட்டுச் சிறாரைக் கூட்டிப் பின்னல் வேலை கற்பித்து வந்தாள். ஓபர்லின் இதனை அறிந்து மகிழ்ந்து, அவளுக்கு ஊதியம் அளித்து அப்பணியிலேயே அமர்த்தினார். நாளடைவில் மற்ற ஊர்களிலும் இத்தகைய பள்ளிகள் தோன்றின.

கணப்படுப்பு எரியும் அகன்ற அறை. அதில் சிறாரும் வழிகாட்டும் மங்கையரும் கூடுவர். மூத்த பிள்ளைகள் கம்பளிநூல் பின்னுவர், இளையோர் விளையாடுவர். திருமறைக் கதைகளும் விலங்குகளின் வரலாறும் படங்களைக் காட்டிச் சொல்லப்படும். பொருள்களின் பெயரை முதலில் ஊர்ப் பேச்சிலும் பின்னர்ப் பிரெஞ்சு மொழியிலும் கூறுவர். வெயில் நாள்களில் வெளியே சென்று செடிகொடிகளை இனங்கண்டு பெயர் சொல்லப் பழகுவர். இறைவன் எங்கும் உடனிருக்கிறான் என்ற எண்ணத்தை அச்சுறுத்தலால் அன்றிப் பூவையும் புழுவையும் காட்டியே ஊட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. மனப்பாடத்தால் மட்டும் பக்தி வளரும் என்று அவர் நம்பவில்லை. வளர்ந்த பிள்ளைகள் திடப்படுத்தல் பெறுமுன் மரக்கன்று நட்டுக் காட்டவேண்டும் என்றும் விதித்தார்.

1783ஆம் ஆண்டு அவருடைய மனைவியார் காலமானார். தாயற்ற மக்களைப் பேணும் பொறுப்பை, அவ்வீட்டில் பணிபுரிந்த லூயிஸ் ஷெப்லர் என்னும் உழவர்மகள் ஏற்றாள். கூலி பெறவும் மறுத்துவிட்டாள். பனி பொழியும் நாள்களிலும் ஊரூராய்ச் சென்று சிறாருக்குக் கற்பித்தவளும் அவளே.

பிரெஞ்சுப் புரட்சி மூண்டு, வழிபாடு தடைசெய்யப்பட்டபோது ஓபர்லின் பெருந்துன்பம் எய்தினார். 1793ஆம் ஆண்டு அவருடைய மூத்த மகன் போரில் உயிர் துறந்தான். அடுத்த ஆண்டு அவரும் சிறிதுகாலம் காவலில் வைக்கப்பட்டார். விடுதலைபெற்று மீண்டும் தம் பள்ளிகளுக்கே திரும்பினார்.

ஏறத்தாழ அறுபது ஆண்டு அப்பள்ளத்தாக்கிலேயே வாழ்ந்து, 1826ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் அவர் இயற்கை எய்தினார். லுத்தரன் போதகராகிய அவரது இறுதி ஊர்வலத்தில் கத்தோலிக்கரும் கண்ணீருடன் நடந்தனர். பூதே என்னும் ஊரில் அவரை அடக்கம் செய்தனர். 1829ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கலைக்கழகம் லூயிஸ் ஷெப்லருக்கு அறச்செயலுக்குரிய பரிசை வழங்கியது. அப்பொருளும் தனக்கென்று அவளிடம் தங்கவில்லை.