வெள்ளையர் பெயரை மகனுக்குச் சூட்டிய வ.உ.சி.

பாண்டுப் பகுதித் தமிழர்களில் நெல்லை, தூத்துக்குடிச் சீமையில் இருந்து வந்தவர்கள் பலர். வ.உ.சிதம்பரம் பிள்ளை என்பது அவர்கள் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த பெயர்.

அவர் கப்பல் தேடி வந்த ஊர் இந்தப் பம்பாய்தான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

வ.உ.சி. 1872-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையைப் போலவே வக்கீல் ஆனார். தூத்துக்குடியில் தொழில் நன்றாக நடந்தது. அப்படியே இருந்திருந்தால் வசதியாக வாழ்ந்து முடித்திருப்பார்.

கப்பல் போட்டி

தூத்துக்குடி-கொழும்பு கப்பல் போக்குவரத்து அப்போது ஒரு வெள்ளையர் கம்பெனியின் கையில் இருந்தது. அதை எதிர்த்து 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய்.

முதலில் பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் கப்பலை வாடகைக்கு எடுத்தார். வெள்ளையர் நெருக்கடியால் அது கைவிட்டுப் போயிற்று. வ.உ.சி. மனம் தளரவில்லை. பம்பாய்க்கு வந்தார். சொந்தக் கப்பலோடுதான் ஊர் திரும்பினார். 1907-ல் "காலியா" கப்பல் தூத்துக்குடி வந்தது.

எதிரிகள் கட்டணத்தைக் குறைத்தார்கள். பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொள்ள முன்வந்தார்கள். குடையும் கொடுத்தார்கள்!

செக்கு இழுத்தார்

1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி. அவர்கள் பக்கம் நின்றார். தொழிலாளர்கள் வென்றார்கள். ஆனால் மார்ச் 12-ந் தேதி அவர் கைதானார். மறுநாள் நெல்லையில் துப்பாக்கிச் சூடு. 4 பேர் பலியானார்கள்.

நீதிபதி பின்ஹே விதித்தது இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் செக்கு இழுத்தார். 1912 டிசம்பரில் விடுதலையானபோது கப்பல் கம்பெனி இல்லை. கையில் காசு இல்லை. வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் சில்லறை வியாபாரம் செய்து குடும்பத்தைக் காத்தார்.

வெறுப்பு இல்லை

இத்தனைக்கும் பிறகு அவர் வெள்ளையர் இனத்தையே வெறுத்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். அவரோ ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயரின் நூலை "மனம் போல வாழ்வு" என்று தமிழில் தந்தவர்.

வக்கீல் சன்னது திரும்பக் கிடைக்க உதவியவரும் ஒரு வெள்ளையரே. அவர் நீதிபதி வாலஸ். அந்த நன்றியை மறக்காமல் தன் மகனுக்கு "வாலேஸ்வரன்" என்று பெயர் வைத்தார்!

1936 நவம்பர் 18-ந் தேதி தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் வ.உ.சி. காலமானார். கடைசி வரை அவர் தன் கொள்கையை விடவில்லை. அவரது பகை அநியாயத்தோடுதான்; இனத்தோடு அல்ல.

பிற மொழியாரோடு கலந்து பிழைக்கும் நமக்கும் சில நேரம் சண்டை வரும். ஒருவர் செய்த தவறுக்கு அவர் இனத்தையே பகைக்க வேண்டாம் என்பதை வ.உ.சி. வாழ்ந்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.