ஜோசப் புலிட்சர்

ஜோசப் புலிட்சர் (ஏப்ரல் 10, 1847 – அக்டோபர் 29, 1911) ஹங்கேரியில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் புகழ்பெற்ற இதழாளரும் செய்தித்தாள் உரிமையாளரும் ஆவார். செயின்ட் லூயிஸ் போஸ்ட்-டிஸ்பாட்ச், நியூயார்க் வேர்ல்டு ஆகிய நாளிதழ்களை நடத்தினார். பரபரப்புச் செய்திகளால் விற்பனையைப் பெருக்கியவர் என்று கடுமையான விமர்சனத்துக்கு உள்ளான இவரே, இதழாளர்களுக்குப் பல்கலைக்கழகக் கல்வி வேண்டும் என்று வலியுறுத்திய முன்னோடிகளுள் ஒருவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளியும் புலிட்சர் பரிசும் இவரது நன்கொடையால் தோன்றியவை.

இளமைக்காலம்

புலிட்சர் ஹங்கேரியின் மாக்கோ நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை தானிய வணிகர். 1858இல் தந்தை இறந்தபின் குடும்பம் வறுமையுற்றது. படைவீரராக விரும்பிய புலிட்சரை, பார்வைக் குறைபாடு காரணமாக ஆஸ்திரியப் படை ஏற்கவில்லை. அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்து கொண்டிருந்தது. வடமாநிலங்களின் படைக்கு ஐரோப்பாவில் ஆள் சேர்த்த முகவர்கள் வழியாக 1864இல் இவர் அமெரிக்கா சென்று குதிரைப்படையில் பணியாற்றினார்.

போர் முடிந்ததும் 1865இல் மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரை அடைந்தார். அங்கு செருமானிய மொழி பேசுவோர் மிகுதியாக இருந்தனர். செருமன் அறிந்திருந்த புலிட்சருக்கு ஆங்கிலம் சிறிதளவே தெரியும். கிடைத்த கூலி வேலைகளைச் செய்துகொண்டே நகர நூலகம் ஒன்றில் ஆங்கிலமும் சட்டமும் பயின்றார். 1867இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். இவர் பல்கலைக்கழகக் கல்வி எதையும் பெறவில்லை.

இதழியல் பணி

1868இல் வெஸ்ட்லிஷ் போஸ்ட் என்னும் செருமானிய மொழி நாளிதழில் செய்தியாளராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே மிசூரி சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1878 டிசம்பரில், நொடித்துப்போன டிஸ்பாட்ச் நாளிதழை 2,500 டாலருக்கு ஏலத்தில் வாங்கி, போஸ்ட் நாளிதழுடன் இணைத்தார். நகரின் ஊழல்களையும் செல்வந்தர்களின் வரி ஏய்ப்பையும் அவ்விதழ் வெளிப்படுத்தியது.

1883இல் நியூயார்க் வேர்ல்டு நாளிதழை ஜே கூல்டு என்ற செல்வந்தரிடமிருந்து 3,46,000 டாலருக்கு வாங்கினார். அப்போது சுமார் 15,000 படிகளே விற்ற அவ்விதழ், பின்னர் நாட்டிலேயே மிகுதியாக விற்ற நாளிதழாக வளர்ந்தது. எளிய நடை, படங்கள், குற்றச் செய்திகள், ஊழலை வெளிக்கொணரும் கட்டுரைகள் ஆகியவை இவ்வளர்ச்சிக்குக் காரணங்களாகும். புதிதாகக் குடியேறியவர்களும் தொழிலாளர்களும் இதன் வாசகர்களுள் பெரும் பகுதியினராக இருந்தனர்.

1885இல் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் அமைக்கப் பணம் போதாமல் வேலை நின்றபோது வேர்ல்டு மக்களிடம் நிதி திரட்டியது. எவ்வளவு சிறிய தொகை அளித்தவரின் பெயரும் நாளிதழில் அச்சிடப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஐந்து மாதங்களில் 1,20,000க்கும் மேற்பட்டோர் 1,00,000 டாலருக்கு மேல் வழங்கினர். 1887இல் வேர்ல்டின் செய்தியாளர் நெல்லி பிளை, மனநோயாளி போல் நடித்து மனநோய் இல்லம் ஒன்றில் தங்கி, அங்கு நடந்த கொடுமைகளை வெளியுலகுக்குத் தெரிவித்தார்.

மஞ்சள் இதழியல்

1895இல் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் நியூயார்க் ஜர்னல் நாளிதழை வாங்கி, வேர்ல்டுடன் போட்டியில் இறங்கினார். புலிட்சரின் ஊழியர்கள் பலரைக் கூடுதல் ஊதியம் தந்து இழுத்துக்கொண்டார். மஞ்சள் அங்கி அணிந்த சிறுவன் தோன்றும் படக்கதையை இரு நாளிதழ்களும் வெளியிட்டன. இதிலிருந்தே மஞ்சள் இதழியல் என்ற பெயர் தோன்றியது. தமிழில் வழங்கும் மஞ்சள் பத்திரிகை என்ற சொல்லும் இவ்வழி வந்ததே. 1898இல் அவானா துறைமுகத்தில் மெயின் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து மூழ்கியபோது, இரு நாளிதழ்களும் உறுதி செய்யப்படாத செய்திகளை வெளியிட்டுப் போர் உணர்வைத் தூண்டின. எசுப்பானிய-அமெரிக்கப் போருக்குப் பின்னர் வேர்ல்டு பரபரப்பைப் பெருமளவு குறைத்துக்கொண்டது.

இக்காலத்துக்கு முன்பே புலிட்சரின் பார்வை ஏறக்குறைய மங்கிவிட்டது. சிறு ஓசையையும் தாங்க முடியாத நரம்பு நோயும் இவரை வருத்தியது. 1890இல் ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகினார். எனினும் செயலாளர்கள் செய்திகளை வாசிக்கக் கேட்டு, தந்தி மூலமும் கடிதம் மூலமும் தமது நாளிதழ்களைத் தொடர்ந்து இயக்கினார்.

இதழியல் பள்ளி

1892இல் இதழியல் பள்ளி ஒன்றைத் தொடங்க நிதியளிக்க முன்வருவதாகக் கொலம்பியாவின் தலைவர் சேத் லோவிடம் புலிட்சர் தெரிவித்தார். அக்கல்வி நிறுவனம் அதை ஏற்கவில்லை. இதழியல் பணியிடத்தில் பழகிக் கற்க வேண்டிய தொழில் என்பதே அன்றைய பொதுக் கருத்து. இதழாளர்கள் பலரும் அவ்வாறே எண்ணினர்.

நிக்கொலஸ் மரே பட்லர் தலைவரான பின்னர், 1903இல் கொலம்பியா பல்கலைக்கழகம் இத்திட்டத்துக்கு இசைந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட் அளித்த பாடத்திட்டத்தில் விளம்பரம், விற்பனை, நிர்வாகம் ஆகியவையும் இருந்தன. புலிட்சர் இவற்றை ஏற்கவில்லை. 1904இல் நார்த் அமெரிக்கன் ரெவ்யூ இதழில் எழுதிய நீண்ட கட்டுரையில், வரலாறு, சட்டம், பொருளியல், புள்ளியியல், அறநெறி ஆகியவையே இதழாளருக்குத் தேவை என்றும், வணிகத்தைக் கற்பிப்பது இப்பள்ளியின் வேலையன்று என்றும் வாதிட்டார். மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் உள்ளது போன்ற பயிற்சி இதழாளருக்கும் வேண்டும் என்பது இவரது நிலைப்பாடு.

ஆனால் பள்ளியின் ஆலோசனைக் குழுவில் யார் இடம்பெறுவது என்பதில் இவருக்கும் பட்லருக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. அதனால் தமது இறப்புக்குப் பின்னரே பள்ளி தொடங்கப்பட வேண்டும் என்று புலிட்சர் முடிவு செய்தார். இதற்கிடையில் 1908இல் மிசூரி பல்கலைக்கழகம் இதழியல் பள்ளியைத் தொடங்கி முந்திக்கொண்டது.

பனாமா வழக்கு

பனாமா கால்வாய் உரிமைக்காக அமெரிக்க அரசு வழங்கிய 4 கோடி டாலர் யாரிடம் சென்றது என்று 1908இல் வேர்ல்டு கேள்வி எழுப்பியது. குடியரசுத் தலைவர் தியொடோர் ரூசவெல்ட் இதனால் சினமுற்றார். 1909இல் புலிட்சர் மீதும் அவரது ஆசிரியர்கள் மீதும் நடுவண் அரசு அவதூறு வழக்குத் தொடர்ந்தது. 1911 சனவரியில் உச்ச நீதிமன்றம் நாளிதழுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. குடியரசுத் தலைவரே எதிர்த்து நின்றபோதும் வேர்ல்டு பின்வாங்காதது பத்திரிகைச் சுதந்திர வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்வாகும்.

மறைவும் பள்ளியின் வளர்ச்சியும்

அக்டோபர் 29, 1911 அன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் நின்றிருந்த தமது உல்லாசப் படகில் புலிட்சர் காலமானார். உயிலின்படி கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு 20 இலட்சம் டாலர் கிடைத்தது. செப்டம்பர் 30, 1912 அன்று இதழியல் பள்ளி திறக்கப்பட்டது. டால்காட் வில்லியம்ஸ் இதன் முதல் இயக்குநர். முதல் வகுப்பில் பெண்களும் இடம்பெற்றிருந்தனர். தொடக்க நாளில் பள்ளியின் கட்டடம் முற்றுப்பெறவில்லை.

உயிலில் இதழியலுக்கு நான்கு, இலக்கியத்துக்கும் நாடகத்துக்கும் நான்கு, கல்விக்கு ஒன்று எனப் பரிசுகள் குறிக்கப்பட்டிருந்தன. 1917இல் முதல் புலிட்சர் பரிசுகள் வழங்கப்பட்டன. செய்தி எழுத்துக்கான முதல் பரிசை வேர்ல்டின் செய்தியாளர் ஹெர்பர்ட் பயார்டு ஸ்வோப் பெற்றார். 1937இல் இந்தியாவில் பிறந்த கோபிந்த் பிகாரி லால், அறிவியல் செய்திகளுக்காக வேறு நால்வருடன் இப்பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1942இல் ஒளிப்படமும் 1943இல் இசையும் பரிசுப் பிரிவுகளில் சேர்க்கப்பட்டன.

1935இல் கார்ல் ஆக்கர்மன் தலைமையின்கீழ் பள்ளி இளநிலைப் படிப்பைக் கைவிட்டு, பட்டதாரிகளுக்கான முதுநிலைப் பள்ளியாக மாறியது. மாணவர்கள் நியூயார்க் நகரத் தெருக்களிலும் நீதிமன்றங்களிலும் செய்தி சேகரித்துப் பயின்றனர். இலத்தீன் அமெரிக்கச் செய்திப் பணிக்கான மரியா மூர்ஸ் கேபட் பரிசு 1939 முதல் வழங்கப்படுகிறது. 1961இல் கொலம்பியா ஜர்னலிசம் ரெவ்யூ என்னும் ஊடக விமர்சன இதழ் தொடங்கப்பட்டது.

புலிட்சரின் மக்கள் 1931இல் வேர்ல்டு நாளிதழை விற்றனர். அத்துடன் அது தனி நாளிதழாக வெளிவருவது நின்றது. 1890இல் திறக்கப்பட்டபோது நியூயார்க்கின் மிக உயரமான கட்டடமாக விளங்கிய அதன் தலைமையகமும் 1955இல் இடிக்கப்பட்டது. வாழ்நாளில் ஒருமுறை மறுக்கப்பட்டு, பின்னர் இவரே தள்ளிவைத்த இதழியல் பள்ளி 2012இல் நூற்றாண்டு கண்டது.