சைதன்யர் வேடமேற்ற விநோதினி

1884-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள். கல்கத்தாவின் பீடன் தெருவிலிருந்த ஸ்டார் தியேட்டருக்கு அன்று மாலை பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் பக்தர்களுடன் வந்து சேர்ந்தார். கிரீஷ் சந்திர கோஷ் எழுதிய ‘சைதன்ய லீலா’ நாடகம் அங்கு நடைபெற்று வந்தது. அதில் ஸ்ரீசைதன்யராக நடித்தவர் இருபத்தொரு வயதுப் பெண். கணிகையர் குடியில் பிறந்தவர். பெயர் விநோதினி.

குருதேவர் அங்கு செல்வதைச் சிலர் விரும்பவில்லை. காரணம், நாடகத்தில் நடித்தவர்கள் கணிகையர். அவர்களை ஆனந்தமயியான அன்னையாகவே பார்ப்பதாகக் குருதேவர் பதிலளித்தார். அவர்களில் ஒருத்தி சைதன்யராக நடித்தால்தான் என்ன, பொம்மைச் சீத்தாப்பழத்தைப் பார்த்தாலும் உண்மைப் பழம் நினைவுக்கு வருகிறதல்லவா என்பது அவரது விளக்கம்.

இந்தப் பதிலின் அருமையை உணர, அக்காலச் சூழலை அறிய வேண்டும். கல்கத்தாவின் பொது நாடக அரங்குகளில் பெண் வேடங்களில் பெண்களையே நடிக்க வைக்கும் வழக்கத்தை 1873-இல் பெங்கால் தியேட்டர் தொடங்கியது. கணிகையர் குடிகளிலிருந்து மட்டுமே நடிகைகள் கிடைத்தனர். இது பிடிக்காமல் அந்த அரங்கின் குழுவிலிருந்து விலகியவர் யார் தெரியுமா? விதவைகளின் மறுமணத்திற்காகத் தனியொருவராகப் போராடிய ஈசுவர சந்திர வித்யாசாகர்! கருணைக் கடல் என்று போற்றப்பட்ட அவருக்கே அது ஏற்கவில்லை என்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

விநோதினி 1863-இல் கல்கத்தாவின் கார்ன்வாலிஸ் தெருவில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் பாட்டி, தாய், தம்பி. வறுமை எந்த அளவுக்கு வாட்டியது என்றால், மணப்பெண் கொண்டுவரும் சில நகைகளுக்காகச் சிறுவனான தம்பிக்குத் திருமணம் செய்து வைத்தார்கள். அந்தத் தம்பியும் விரைவில் இறந்துவிட்டான். வீட்டின் ஒரு பகுதியில் குடியிருந்த கங்காபாய் என்ற பாடகியிடம் விநோதினி இசை கற்றார். 1874-இல் மாதம் பத்து ரூபாய்ச் சம்பளத்தில் கிரேட் நேஷனல் தியேட்டரில் சேர்ந்தார். முதல் வேடம் திரௌபதியின் பணிப்பெண். அப்போது அவருக்கு வயது பதினொன்று.

அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் எண்பதுக்கும் மேற்பட்ட வேடங்களில் நடித்தார். கிரீஷ் சந்திரரே அவருடைய ஆசான். வெளிநாட்டு நடிகைகளின் வாழ்க்கை, கவிஞர்களின் படைப்புகள், பாத்திரத்தின் உள்ளத்தில் புகுந்து நடிக்கும் முறை ஆகியவற்றை அவர் பொறுமையுடன் கற்பித்தார். பள்ளிப் படிப்பு அதிகமில்லாத அந்தப் பெண் அனைத்தையும் பசித்தவர்போல் ஏற்றுக்கொண்டார். பிற்காலத்தில் எத்தனையோ கசப்புகள் நேர்ந்தபோதும் கிரீஷைத் தமது குரு என்று கூற அவர் ஒருநாளும் தயங்கவில்லை.

நேஷனல் தியேட்டரின் உரிமையாளர் பிரதாப் சந்த் ஜஹூரி. ஒருமுறை விநோதினி விடுப்பில் காசிக்குச் சென்று, அங்கே நோயுற்றுத் தாமதமாகத் திரும்பினார். விடுப்புக் காலத்துச் சம்பளத்தைத் தர ஜஹூரி மறுத்தார். கிரீஷுக்கும் மற்ற நடிகர்களுக்கும் அவர்மீது ஏற்கெனவே மனக்குறை இருந்தது. சொந்தமாக ஓர் அரங்கம் வேண்டும் என்று அனைவரும் விரும்பினார்கள். ஆனால் பணம்?

பணம் தர முன்வந்தார் குர்முக் ராய் என்ற இளம் மார்வாரிச் செல்வர். அவர் கேட்டது விநோதினியை. விநோதினியின் வாழ்வில் அப்போது வேறொருவர் இருந்தார். செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த அந்த இளைஞர், கொடுத்த வாக்கை மறந்து வேறொரு பெண்ணை மணந்துகொண்டிருந்தார். இருந்தும் விநோதினியை விட்டுவிட அவருக்கு மனமில்லை. ஒரு நாள் வாளுடன் வந்து ஓங்கி வெட்டினார். வெட்டு ஹார்மோனியத்தின்மீது விழுந்ததால் விநோதினி உயிர் பிழைத்தார். இழிந்தவளான தன்னைக் கொன்று அவர் ஏன் தமது குலத்திற்குக் களங்கம் தேடிக்கொள்ள வேண்டும் என்று விநோதினி கேட்டார். அவர் வாளை எறிந்துவிட்டு அழுதார். இந்த நிகழ்ச்சியைத் தன்வரலாற்றில் எழுதும்போது அவரது பெயரை விநோதினி வெளியிடவில்லை, பழியும் கூறவில்லை.

குர்முக் ராயோ, நாடகத்தைவிட்டு வந்துவிட்டால் ஐம்பதாயிரம் ரூபாய் தருவதாகக் கூறினார். பத்து ரூபாயில் வாழ்க்கையைத் தொடங்கிய பெண் அதை மறுத்தார். அரங்கம் கட்டித் தந்தால்தான் சம்மதம் என்றார். தோழர்களின் வேண்டுகோளுக்காகவும் தமது கலைக்காகவும் தம்மையே விலையாகக் கொடுத்தார். இது சரியா, தவறா என்று இன்று தீர்ப்பு வழங்குவது எளிது. அந்தப் பேரத்தினால் பயனடைந்த கனவான்கள் யாரும் அன்று அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

பீடன் தெருவில் கட்டட வேலை தொடங்கியது. பகல் முழுவதும் ஒத்திகை. அது முடிந்ததும் விநோதினி வேலை நடக்கும் இடத்திற்குச் செல்வார். பள்ளத்தை நிரப்பத் தாமே கூடை கூடையாக மண் சுமந்தார். புதிய அரங்கிற்கு அவரது பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து ‘பி தியேட்டர்’ என்று பெயரிடுவதாகத் தோழர்கள் கூறியிருந்தார்கள். தாம் இறந்த பிறகும் அந்தப் பெயர் நிலைத்திருக்கும் என்ற எண்ணமே அவருக்கு அளவற்ற மகிழ்ச்சியைத் தந்தது.

பத்திரப் பதிவுக்குச் சென்றவர்கள் திரும்பி வந்தார்கள். என்ன பெயர் என்று ஆவலுடன் கேட்டார் விநோதினி. ‘ஸ்டார்’ என்று பதில் வந்தது. சில நிமிடங்கள் அவரால் பேச முடியவில்லை. ஒரு கணிகையின் பெயரைத் தாங்கிய அரங்கிற்குக் கௌரவமானவர்கள் வரமாட்டார்கள் என்பது அவர்களின் கணக்கு. அவரது உடலை விற்று அரங்கம் கட்டலாம். அவரது பெயர் மட்டும் அதில் இருக்கக் கூடாது! அவரால் பெரிதும் மதிக்கப்பட்ட கிரீஷும் இதைத் தடுக்கவில்லை. இதுவே அவரை அதிகமாக வருத்தியது. 1883 ஜூலை 21 அன்று ‘தட்ச யக்ஞம்’ நாடகத்துடன் ஸ்டார் தியேட்டர் திறக்கப்பட்டது. சதி தேவியாக நடித்தவர் விநோதினி.

விரைவிலேயே குர்முக் ராய் குடும்பத்தாரின் வற்புறுத்தலால் விலகிக்கொண்டார். அரங்கில் ஒரு பங்கை விநோதினிக்கு அளிக்க அவர் விரும்பினார். கிரீஷ் அது வேண்டாம் என்று அறிவுரை கூற, விநோதினி கேட்டுக்கொண்டார். பதினோராயிரம் ரூபாய்க்கு அரங்கம் அங்கிருந்த நால்வருக்குக் கைமாறியது.

இப்படிப்பட்ட காயத்துடன் இருந்த பெண்ணிடம்தான் சைதன்யர் வேடம் வந்தது. தகுதியற்ற தாம் மகாபிரபுவாக எப்படி நடிப்பது என்று அவர் நடுங்கினார். அதிகாலையில் கங்கையில் நீராடினார், இறைநாமத்தை எழுதினார், சைதன்யரின் திருவடிகளை எண்ணி உருகினார். 1884 ஆகஸ்ட் 2-இல் அரங்கேறிய நாடகம் கல்கத்தாவையே உலுக்கியது. நவத்வீபத்திலிருந்து வந்த பண்டிதர் மதுராநாத் பதரத்னர் தமது திருவடித் தூசியை அவருக்கு அளித்து ஆசி கூறினார்.

செப்டம்பர் மாத அந்த இரவில் நாடகத்தைப் பார்த்தபோது குருதேவர் பலமுறை சமாதியில் ஆழ்ந்தார். நாடகம் எப்படி இருந்தது என்று கேட்டபோது, அசலும் நகலும் ஒன்றாகவே தோன்றின என்றார். வணங்கிய விநோதினியின் தலையில் இரு கைகளையும் வைத்து, அவருக்குச் சைதன்யம் உண்டாகட்டும் என்று ஆசீர்வதித்தார். சைதன்யம் என்றால் ஆன்ம விழிப்புணர்வு. மேடையில் அந்த மகானாக நின்றவரிடம், உள்ளே அதுவாகவே விழித்தெழு என்று கூறியதுபோல் அமைந்தது அது. அவரது பெயரைச் சுவரில் எழுத அஞ்சிய நகரத்தில், அவரது தலையைத் தொட ஒருவர் அஞ்சவில்லை.

1885-இல் குருதேவர் தொண்டைப் புற்றுநோயுடன் சியாம்புகூரில் தங்கியிருந்தார். வெளியாட்கள் வரக் கட்டுப்பாடு இருந்தது. விநோதினியோ அவரைக் காணத் துடித்தார். பக்தரான காளிபத கோஷ் அவருக்கு ஐரோப்பியக் கனவானைப்போல் கோட்டும் தொப்பியும் அணிவித்து உள்ளே அழைத்துச் சென்றார். வந்திருப்பவர் யார் என்று அறிந்ததும் குருதேவர் குழந்தைபோல் சிரித்தார். அந்தப் பெண்ணின் நம்பிக்கையையும் துணிவையும் பாராட்டினார். விநோதினி அவரது திருவடிகளில் தலைவைத்து அழுதார். ஏமாந்த காவலர்களுக்கு விவரம் தெரிந்தபோது கோபம் வந்தது. ஆனால் குருதேவரே மகிழ்ந்திருக்க, அவர்கள் என்ன செய்ய முடியும்!

1887 ஜனவரி முதல் நாள் விநோதினி கடைசியாக மேடையேறினார். புகழின் உச்சியில், இருபத்து மூன்று வயதில் விலகினார். பிறகு ஒரு செல்வரின் பாதுகாப்பில் பல ஆண்டுகள் அமைதியாக வாழ்ந்தார். மகள் சகுந்தலையைப் பள்ளியில் சேர்க்க முயன்றார். தாயின் பிறப்பைக் காரணம் காட்டிச் சமூகம் தடுத்தது. அந்த மகளும் 1904-இல் பதின்மூன்றாம் வயதில் இறந்துவிட்டாள். அடுத்த ஆண்டு வெளியான தமது கவிதை நூலை அவளுக்கே சமர்ப்பித்தார். 1912-இல் அந்தச் செல்வரும் காலமானார்.

கிரீஷின் தூண்டுதலால் விநோதினி தன்வரலாற்றை எழுதினார். கிரீஷ் அதற்கு எழுதித் தந்த முன்னுரை அவருக்குத் திருப்தியளிக்கவில்லை. நடந்த உண்மைகள் அதில் முழுமையாக இல்லை என்று கூறி, மீண்டும் எழுதித் தருமாறு வேண்டினார். மன்னிப்பது என்றால் நடந்ததை மூடி மறைப்பது என்று அவர் நினைக்கவில்லை. திருத்தி எழுதித் தருவதாகக் கிரீஷ் வாக்களித்தார். அதற்குள், 1912 பிப்ரவரியில் அவர் காலமானார். முன்னுரை இல்லாமலே நூல் வெளிவந்தது. மறு ஆண்டு வந்த பதிப்பில், தாம் ஏற்காத அதே முன்னுரையை ஒரு சொல்லும் மாற்றாமல் விநோதினி சேர்த்துக்கொண்டார். பெயர் விஷயத்தில் தாம் ஏமாற்றப்பட்டதையும் அந்த நூலில் ஒளிக்காமல் எழுதினார். குருவுக்கான வணக்கமும் குருவால் நேர்ந்த காயமும் அதில் அடுத்தடுத்து இருக்கின்றன.

அழுகையும் அவநம்பிக்கையும்கூட அந்த நூலில் மறைக்கப்படவில்லை. உலகம் தம்மை இகழ்ந்தாலும் கவலையில்லை, ஸ்ரீராமகிருஷ்ணரின் கருணை தமக்குக் கிடைத்தது என்று எழுதும் இடத்தில் மட்டும் அவரது குரல் தடுமாறுவதில்லை. வங்க நாடக அரங்குகளின் ஒப்பனை அறைகளில் குருதேவரின் படத்தை வைத்து, வணங்கிய பின் மேடையேறும் வழக்கமும் பின்னாளில் ஏற்பட்டது.

விநோதினி 1941-இல் மறைந்தார். ஸ்டார் தியேட்டர் 1888-லேயே ஹாத்திபகானுக்கு இடம் மாறியிருந்தது. அவர் மண் சுமந்த பீடன் தெரு அரங்கம் பின்னர் சாலைக்காக இடிக்கப்பட்டது. ஹாத்திபகான் ஸ்டார் தியேட்டர் இனி விநோதினியின் பெயரால் அழைக்கப்படும் என்று மேற்கு வங்க அரசு 2024 டிசம்பர் 30 அன்று அறிவித்தது.