தமிழில் மருத்துவம் கற்பித்த மானிப்பாய் வைத்தியர்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் வேளைகளில், மருத்துவ பீட அனுமதி பெற்ற மாணவரைப் பற்றிய பேச்சே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ், முஸ்லிம் இல்லங்களில் மேலோங்கி நிற்பதைக் காண்கிறோம். எத்தனை புள்ளி, எந்தப் பல்கலைக்கழகம், எந்த மாவட்டம் என்று விசாரிக்கின்றோம். ஆனால் அம்மாணவர் ஐந்தாண்டுகள் எதைக் கற்கப் போகிறார், கற்றதை எந்த மொழியில் நோயாளிக்கு எடுத்துரைக்கப் போகிறார் என்று நம்மில் எவரும் வினவுவதில்லை. இந்த வினாவை ஒன்றே முக்கால் நூற்றாண்டுக்கு முன்னர் இம்மண்ணில் எழுப்பி, தம் வாழ்நாள் உழைப்பையே அதற்கு விடையாக அளித்துச் சென்றவர் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மருத்துவக் கல்வியின் நோக்கம் குறித்துச் சிந்திக்க வேண்டிய இந்நாளில் அவரது வரலாற்றை நினைவுகூர்வது பொருத்தமுடையதாகும்.

கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகரில் பிறந்தார். தந்தையார் சட்டத்தரணி. நியூயோர்க் மாநகரின் உருவாக்கத்தில் பெரும் பங்கேற்று, அங்குள்ள மத்திய பூங்கா அமைவதற்கு உழைத்தவரான அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் இவரது தமையனார். செல்வாக்கு மிக்க குடும்பத்தில் தோன்றி, நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்ற இளைஞருக்கு அந்நகரிலேயே வசதியான வாழ்வு காத்திருந்தது. அதனை விடுத்து அவர் அமெரிக்க மிஷனின் மருத்துவராக 1847இல் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து.

முதலில் வட்டுக்கோட்டையில் தங்கிய அவர் 1848இல் மானிப்பாயில் மருந்தகம் ஒன்றை நிறுவினார். அதுவே பின்னாளில் அவரது பெயரால் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையாக நிலைபெற்றது. அதே ஆண்டில் ஒரு சில மாணவரைச் சேர்த்து மருத்துவ வகுப்பையும் தொடக்கினார். கொழும்பில் அரசாங்க மருத்துவப் பாடசாலை 1870இல்தான் ஆரம்பமானது. எனவே இலங்கையில் மேலைநாட்டு மருத்துவத்தை முறையாகக் கற்பித்த முதல் இடம் தலைநகரன்று, குடாநாட்டுக் கிராமமொன்றே என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்க செய்தியாகும்.

மானிப்பாயில் மருந்தகமும் வகுப்பறையும் அருகருகே இயங்கின. உடற்கூறு, உடற்றொழில், இரசாயனம், மருந்துப் பொருள்கள், சத்திர சிகிச்சை, பிரசவ மருத்துவம், பொது மருத்துவம் ஆகியவற்றை நூல்களிற் கற்ற மாணவர், நாள்தோறும் வந்து குவியும் நோயாளரிடையே நின்று புண் கழுவிக் கட்டவும், மருந்து கலக்கவும், நோய்க் குறிகளை இனங்காணவும் பழகினர். கொள்ளை நோயாக வாந்திபேதி பரவிய காலங்களில் கிறீனிடம் பயின்றோர் ஊர்களுக்குச் சென்று சிகிச்சையளித்தனர். நோயாளியின் அருகே வைத்துக் கற்பித்தல் என்று இன்றைய மருத்துவ பீடங்கள் போற்றும் முறை அன்றே அங்கு கைக்கொள்ளப்பட்டது.

தொடக்கத்தில் கிறீன் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். வட்டுக்கோட்டை செமினரியில் பயின்றோர் ஆங்கிலம் அறிந்திருந்தமையால் அது எளிதாகவும் இருந்தது. ஆயினும் ஓர் உண்மையை அவர் விரைவில் உணர்ந்தார். ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவர் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரைவிட்டுப் போய்விடுகின்றனர். அவர்களை எதிர்பார்த்திருந்த கிராமமோ முன்னிருந்த நிலையிலேயே இருக்கிறது. ஊருக்கென உருவாக்கிய வைத்தியர் ஊரில் தங்காவிடின் அப்பயிற்சியால் எவருக்கு என்ன பயன் என்ற கேள்வி அவர் உள்ளத்தில் எழுந்தது. 1855இல் வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டு, மிஷனின் கல்விக் கொள்கை தாய்மொழியின் பக்கம் திரும்பியமையும் இக்கருத்துக்கு வலுவூட்டியது. மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிப்பது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

முடிவெடுப்பது எளிது; பாடநூல் வேண்டுமே! உடற்கூற்றையும் சத்திர சிகிச்சையையும் மேலைநாட்டு முறையில் விளக்கும் தமிழ் நூல்கள் அன்று இல்லை. கிறீன் தமிழை ஆழ்ந்து கற்று, தம் மாணவரையே துணைக்கொண்டு மொழிபெயர்ப்பில் இறங்கினார். டான்போர்த், சாப்மன் போன்ற பெயர்களைக் கண்டு அவர்களை அந்நியர் என எண்ணிவிடலாகாது. மிஷன் பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு அமெரிக்க நன்கொடையாளரின் பெயரைச் சூட்டும் வழக்கம் அன்றிருந்தது; அவர்கள் யாழ்ப்பாணத் தமிழரே. கட்டர் என்பாரின் நூல் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்ற பெயரில் தமிழில் வெளிவந்தது. உடற்கூற்றை அங்காதிபாதம் என்றும், உடற்றொழிலைச் சுகரணம் என்றும், நலம் பேணும் இயலை உற்பாலனம் என்றும் அவர்கள் வழங்கினர். பிரசவ வைத்தியம் 1857இலும், இரண வைத்தியம் என்னும் சத்திர சிகிச்சை நூல் 1867இலும் வந்தன. 1872இல் மனுஷ அங்காதிபாதமும், பொது மருத்துவ நூலான வைத்தியாகரமும் வெளியாயின. 1875இல் இரசாயன நூல் கெமிஸ்தம் என்ற பெயரைத் தாங்கி வந்தது. தமிழில் அவரது மருத்துவ நூல்களின் பக்கங்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை.

மனுஷ அங்காதிபாதம் என்பது உலகெங்கும் மருத்துவ மாணவர் இன்றும் பயிலும் ஹென்றி கிரேயின் உடற்கூற்று நூலின் தமிழ் வடிவமாகும். மூலநூல் இலண்டனில் முதன்முதலாக வெளிவந்தது 1858இல். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழாயிற்று. அறிவியலின் புதிய நூலொன்று அன்று தமிழுக்கு வந்த விரைவை எண்ணிப் பார்க்கையில் இன்றைய நமது நிலை குறித்து நாணவே வேண்டியிருக்கிறது.

கலைச்சொல்லாக்கத்தில் அவர் கைக்கொண்ட நெறியும் கவனத்திற்குரியது. பொருத்தமான தமிழ்ச் சொல் உண்டாயின் அதனை முதலிற் கொண்டார். இல்லாதவிடத்து வடசொல்லை நாடினார். அதுவும் கிட்டாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைய மாற்றி எழுதினார். தனித்தமிழ்ப் பற்றோ ஆங்கில மோகமோ அவரை ஆட்கொள்ளவில்லை. மாணவனுக்கு விளங்க வேண்டும், நோயாளிக்கும் விளங்க வேண்டும் என்பதே அவரது அளவுகோலாக இருந்தது. கலைச்சொற்களைத் திரட்டித் தனித் தொகுப்புகளாக வெளியிடவும் அவர் தவறவில்லை.

இவ்விடத்தில் நம் முஸ்லிம் வாசகர்கள் மற்றொரு வரலாற்றையும் நினைவுகூர்வர். ஒன்பதாம் நூற்றாண்டில் அப்பாசியக் கலீபாக்களின் ஆட்சியில், பக்தாத் நகரில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்னும் கிறிஸ்தவ அறிஞர் கிரேக்க மருத்துவர் காலெனின் நூல்களைச் சிரிய மொழிக்கும் அரபுக்கும் கொண்டுவந்தார். அந்த அடித்தளத்தின் மீதுதான் இப்னு ஸீனாவின் மருத்துவப் பெருநூல் எழுந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அது இலத்தீனுக்குச் சென்று, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பல நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கியது. மருத்துவம் எந்த ஒரு மொழிக்கும் உரிய தனிச்சொத்து அன்று. மொழிபெயர்த்துக் கொண்டோரிடமெல்லாம் அது செழித்தது. பக்தாதில் நிகழ்ந்ததைச் சிறிய அளவில் மானிப்பாயில் நிகழ்த்திக் காட்டியவர் கிறீன் எனலாம்.

உடல்நலம் குன்றியமையால் பத்தாண்டு சேவையின் பின் தாயகம் சென்ற கிறீன், திருமணம் செய்துகொண்டு 1862இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். 1864இல் தமிழ்மொழி மூல மருத்துவ வகுப்பு முறையாக ஆரம்பமாயிற்று. மாணவர் மேனாட்டு உடைக்கும் பழக்கத்துக்கும் மாறித் தம் மக்களிடமிருந்து அந்நியப்படுவதை அவர் விரும்பவில்லை. வேட்டியும் சால்வையும் அணிந்து, ஊர்மக்களில் ஒருவராக நின்று வைத்தியம் பார்ப்பவரையே அவர் உருவாக்க முயன்றார். ஆங்கில வகுப்பும் தமிழ் வகுப்புமாக அவரிடம் பயின்று வெளியேறியோர் அறுபதுக்கும் மேற்பட்டவராவர்.

கிறீனை நாம் மிகைப்படுத்திப் போற்ற வேண்டியதில்லை. அவர் மருத்துவர் மட்டுமல்லர், சமயம் பரப்ப வந்த மிஷனரியுமாவார். மருந்தகத்திற்கு வந்தோர் மருந்துடன் கிறிஸ்தவப் போதனையையும் கேட்டே சென்றனர். தாய்மொழிக் கல்வியை மிஷன் ஆதரித்தமைக்கும் அந்நோக்கமே அடிப்படையாயிற்று. மிஷன்களின் சமயப் பணிக்கு எதிராக ஆறுமுக நாவலர் நடத்திய இயக்கம் யாழ்ப்பாணத்தில் எழுச்சி பெற்றதும் இதே காலத்தில்தான். இவற்றையெல்லாம் மறைக்காமல் கூறிய பின்னரும், தமிழுக்கும் இந்நாட்டு மருத்துவத்துக்கும் அவர் விட்டுச்சென்ற கொடை குறைந்துவிடாது என்பதே நமது கருத்தாகும்.

1873இல் உடல் தளர்ந்து அவர் நிரந்தரமாக நாடு திரும்பினார். ஆயினும் பணி ஓயவில்லை. வூஸ்டரில் இருந்தவாறே தமிழ் மருத்துவ நூல்களைத் திருத்துவதிலும் புதியவற்றை அச்சுக்கு ஆயத்தம் செய்வதிலும் எஞ்சிய ஆண்டுகளைக் கழித்தார். 1884ஆம் ஆண்டு மே 28ஆம் திகதி காலமானார். தம்மைத் தமிழருக்குரிய மருத்துவ ஊழியர் என்று கல்லறையிற் பொறிக்க வேண்டுமென அவர் விரும்பினார், அவ்வாறே பொறிக்கப்பட்டது.

அவர் சென்ற பின்னர் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. அதற்கான காரணங்களை ஆராய்வது அவசியம். வன்னியில் பறங்கி நோயால் மக்கள் அழிந்துவந்த நிலையை டொக்டர் ஜேம்ஸ் லூஸ் ஆராய்ந்து வெளிப்படுத்தியதைத் தொடர்ந்து கொழும்பு மருத்துவப் பாடசாலை தோன்றியது. அவரே அதன் முதல் அதிபரானார். அங்கு போதனாமொழி ஆங்கிலம். 1880இல் அது இலங்கை மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. பின்னர் அதன் தகைமையை பிரித்தானிய மருத்துவச் சபையும் ஏற்றுக்கொண்டது. அரசாங்க நியமனமும் பதிவும் பதவியும் அவ்வழியே கிடைத்தன. தமிழில் பயின்றவருக்கு அத்தகைய வாயில் திறக்கவில்லை. நூல்களைக் காலத்துக்கேற்பப் புதுப்பிக்க ஆளும் இல்லாமற் போயிற்று. மொழிப்பற்று மட்டும் ஒரு கல்வியை வாழவைக்காது. தொழிலும் அங்கீகாரமும் தொடர்ந்து வரும் புதிய நூல்களும் உடனிருக்க வேண்டும் என்பதே மானிப்பாய் நமக்குக் கற்றுத்தரும் பாடம். ஐதராபாத் உஸ்மானியாப் பல்கலைக்கழகம் உருது மொழியில் மருத்துவம் கற்பித்து வந்ததும், சமஸ்தானத்தின் ஆதரவு நீங்கியபின் அது கைவிடப்பட்டதும் இதே உண்மையை உணர்த்துகின்றன. இந்தியாவின் மத்தியப் பிரதேச அரசு 2022இல் இந்தியில் மருத்துவப் பாடநூல்களை வெளியிட்டது. அம்முயற்சியின் வெற்றியும் இவற்றைப் பொறுத்தே அமையும்.

இன்றைய இலங்கையில் மருத்துவப் பட்டப்படிப்பைத் தமிழிலோ சிங்களத்திலோ நடத்த வேண்டுமென நாம் கோரவில்லை. உலகின் புதிய ஆய்வுகளோடு தொடர்பு கொள்ள ஆங்கிலம் இன்றியமையாதது. எனினும் ஐந்தாண்டுப் படிப்பையும் ஓராண்டு உள்ளகப் பயிற்சியையும் முடித்து வெளிவரும் வைத்தியர், நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று அவரது மொழியில் கேட்க இயலாதவராக இருப்பின் அப்பயிற்சி முழுமையானதாகுமா? தமிழ் அரசகரும மொழியாகி பல ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் தலைநகரின் வைத்தியசாலைகளில் தமிழ் பேசும் நோயாளர் பலர் மகனையோ மகளையோ அயலவரையோ மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்லும் நிலையே காணப்படுகிறது. தன் அந்தரங்கமான உபாதையைப் பருவ வயது மகனின் வாயிலாக மருத்துவருக்குச் சொல்ல நேரும் தாயின் சங்கடத்தைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. அவள் பாதியை மறைத்துவிடுகிறாள். மறைத்த பாதியில் நோய் வளர்கிறது. மருந்தை உணவுக்கு முன்னரா பின்னரா உட்கொள்வது என்பது விளங்காமலே வீடு திரும்பும் முதியவர்களும் உளர். தமிழ்ப் பகுதிகளில் வசிக்கும் சிங்கள நோயாளருக்கும் இதே இடர்ப்பாடு மறுதலையாக நேர்கிறது என்பதை மறந்துவிடலாகாது.

ஆதலால் மருத்துவ பீடங்களின் பாடவிதானத்தில், நோயாளியுடன் அவரது மொழியில் உரையாடும் பயிற்சி கட்டாய பாடமாக இடம்பெற வேண்டும். பெயரளவில் கற்பித்து விட்டுவிடாது, ஏனைய பாடங்களைப் போன்றே பரீட்சித்துச் சித்தி பெறச் செய்தல் வேண்டும். தமிழ் மாணவர் சிங்களத்தையும், சிங்கள மாணவர் தமிழையும் நோயாளியின் படுக்கையருகே பயில வழி செய்யப்பட வேண்டும். யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களின் மருத்துவ பீடங்களும் தமிழ் அறிஞரும் இணைந்து, மருத்துவ அறிவுரைகளை எளிய தமிழில் ஆக்கும் பணியை முன்னெடுக்கலாம். கிறீன் விட்ட இடம் இன்னும் வெற்றிடமாகவே இருக்கிறது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தம் பிள்ளைகளை வைத்தியராக்கக் கனவு காணும் பெற்றோருக்கும் நாம் ஒன்று கூற விழைகின்றோம். மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகும் பிள்ளை எத்தனை புள்ளி பெற்றது என்பதோடு, எத்தனை பேரின் மொழியை அறிந்து செல்கிறது என்பதையும் கேட்டுப் பாருங்கள். கடல் கடந்து வந்த அமெரிக்க இளைஞர் ஒருவர் நம் நோயாளியின் நோவை அறிவதற்காக நம் மொழியைக் கற்றார். இம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அயலவரின் மொழி எட்டாத ஒன்றல்ல.