விஷ்ணு திகம்பர் பலூஸ்கர்

சங்கீதம் அரசர்களின் கொலுமண்டபத்தில் வளர்ந்த கலை. ஸமஸ்தானங்கள் தாழ்ந்தால் அதுவும் தாழ வேண்டியதே என்று கற்றோரும் எண்ணியிருந்த காலம் ஒன்றுண்டு. அவ்வெண்ணத்தைச் செயலால் பொய்யாக்கியவர் விஷ்ணு திகம்பர் பலூஸ்கர். பொதுஜன ஊழியத்தில் இறங்கியிருக்கும் அன்பர்கள் அவருடைய சரித்திரத்தை அறிவது அவசியமென்று கருதுகிறோம்.

1872-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த குருந்த்வாட் என்னும் சிறு ஸமஸ்தானத்தில் அவர் பிறந்தார். தந்தை ஹரிகதை செய்பவர். சிறுவயதில் வெடி வெடித்து அவருடைய கண்பார்வை கெட்டது. ஏட்டுக் கல்வி நின்றது. செவிக் கல்வி தொடங்கிற்று. மீரஜில் பாலகிருஷ்ண புவா என்ற பெரும் வித்வானிடம் பல வருஷம் குருகுலவாசம் செய்தார்.

வித்தை மிகுந்திருந்தும் வித்வானுக்குச் சபையில் மரியாதை குறைந்திருந்ததை அவர் கண்டார். குருவின் மனம் கனிந்தாலன்றி ஒரு ராகமும் வெளிவராத நிலைமையையும் கண்டார். 1896-இல் மீரஜை விட்டுப் புறப்பட்டு, ஊர் ஊராகச் சென்று, கட்டணம் வைத்துப் பொதுக் கச்சேரிகள் செய்தார். பிரபுவின் பரிசிலை எதிர்பார்த்து நிற்பதைவிட, ஆயிரம் பேர் தரும் சிறு காசு மேலானது என்பது அவர் கொண்ட துணிபு.

1901-ஆம் வருஷம் மே மாதம் 5-ஆம் தேதி லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயத்தை ஸ்தாபித்தார். ஒரு குருவின் வீட்டில் ஒரு சீடன் மறைவாகக் கற்ற வித்தையைப் பலர் ஒன்றாக அமர்ந்து, பாடத்திட்டப்படி, பரீக்ஷை எழுதிக் கற்கலாயினர். ஸ்வரங்களைக் குறிக்க ஒரு முறை வகுத்து, சொந்த அச்சுக்கூடத்தில் புஸ்தகங்களாக வெளியிட்டார். ஏழை மாணவர்களுக்கு உண்டியும் உறையுளும் அளித்து, அவர்களையே உபாத்தியாயர்களாக்கினார். கற்றவன் கற்பிக்கக் கடமைப்பட்டவன் என்பதே அங்கே சட்டம். வகுப்பில் கற்றவன் மகாவித்வானாவானா என்று சிலர் நகைத்தனர். மகாவித்வான்கள் சிலரே, ஆனால் நல்ல சங்கீதத்தைக் கேட்டு அறியும் ஜனங்கள் இலக்ஷக்கணக்கில் வேண்டுமென்று அவர் கருதினார்.

1908-இல் பம்பாயிலும் வித்யாலயம் தொடங்கிற்று. கடன் வாங்கிப் பெரிய கட்டிடம் எழுப்பினார். கச்சேரி வருமானத்தால் அடைத்துவிடலாமென நம்பினார். இதற்கிடையே காங்கிரஸ் மகாசபைகளில் வந்தே மாதரம் பாடும் கைங்கரியத்தையும் விடவில்லை. 1923-இல் காக்கிநாடாவில் ஆட்சேபம் எழுந்தபோதும் பாடியே தீர்த்தார். ஆனால் கடன் வளர்ந்தது. 1924-இல் கட்டிடம் ஏலம் போயிற்று.

அவருடைய கணக்கில் பிழை இருந்ததென்று கூறலாம், நாமும் மறுக்கவில்லை. எனினும் ஜனங்களை நம்பிக் கடன்பட்டவரின் ஸ்தாபனம் ஏலத்துக்கு வந்தபோது, அப்பாட்டைக் கேட்டு மகிழ்ந்த ஜனங்கள் எங்கே போயினர்? பிழை அவருடையது மட்டுமன்று.

அவர் நாசிக்கில் ராமநாம பஜனையில் காலங்கழித்து, 1931 ஆகஸ்டில் மீரஜில் காலமானார். கட்டிடம் போயிற்று, சீடர்கள் போகவில்லை. ஓம்கார்நாத் தாகூரும், விநாயகராவ் பட்வர்த்தனும், தேவ்தரும் பிறரும் அவர் வகுத்த வழியில் பள்ளிகள் நடத்தினர். 1931-லேயே சீடர்கள் கூடி ஒரு மண்டலம் அமைத்தனர்.

பொதுஜனங்களுக்காக ஸ்தாபனம் தொடங்குவோர் துணிவுடன் கணக்கையும் கொள்க. அதன் பயனை அனுபவிக்கும் பொதுஜனங்களோ, கைதட்டுவதோடு தங்கள் கடன் தீர்ந்ததென்று எண்ணாதிருப்பார்களாக.