ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரும் தலைமையின் இலக்கணமும்

பலரைத் தம் வழி நிற்பிக்கும் ஆற்றல் செல்வத்தானும் அதிகாரத்தானும் வருவதென்பாருளர். அஃது அன்றென்பதற்கு ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரது சரிதமே சான்றாமென்பது எமது துணிபு.

நாவலர் யாழ்ப்பாணத்து நல்லூரிலே 1822 ஆம் ஆண்டு மார்கழித் திங்களிற் கந்தப்பிள்ளையின் புதல்வராய்த் தோன்றினார். தமிழை மரபுவழிக் கற்றும், ஆங்கிலத்தை உவெசிலியன் மிசன் பாடசாலையிற் பயின்றும், அங்கேயே ஆசிரியராயினார். பேர்சிவல் பாதிரியார்க்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உற்ற துணையுமாயினார். ஆண்டு ஊதியமும் நன்மதிப்பும் அவர்க்கு உளவாயின.

எனினும், 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமையன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848 இல் அவ்வூரிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, அவ்வாண்டிலேயே தம் உத்தியோகத்தைத் துறந்தார். சைவச் சிறார் பிற சமயத்தார் பள்ளியை நாடுகின்றனரென்று இரங்குதல் யார்க்கும் எளிது; அவர்க்கொரு பள்ளியை அமைத்தலே அரிது. பிறரைப் பொருளுதவிக்கு அழைத்தவர், தம் வாழ்நாளையே அதற்கு ஈந்தார், இல்லறமும் புகுந்திலர்.

பள்ளிக்கு நூல்கள் வேண்டப்பட்டன. 1849 இல் மாணாக்கர் சதாசிவப் பிள்ளையுடன் தமிழகம் போந்து, அச்சியந்திரம் கொணர்ந்தார். அப்போது திருவாவடுதுறை ஆதீனத்தார் அவரது சொல்வன்மையை வியந்து நாவலர் என்னும் பட்டம் நல்கினர். பட்டம் பெற்ற பின்னரும் அவர் புலவரவைக்கே எழுதினாரல்லர். சிறுவர்க்குப் பாலபாடமும் சைவ வினாவிடையும், செய்யுள் பயிலாதார்க்குப் பெரியபுராண வசனமும் இயற்றினார். 1864 இல் சிதம்பரத்தும் வித்தியாசாலை நிறுவினார். 1876-77 இல் யாழ்ப்பாணத்திற் பஞ்சம் நேர்ந்தபோது, வண்ணார்பண்ணையிற் கஞ்சித்தொட்டி அமைத்துப் பசித்தார்க்கு உணவளித்தார்.

அவர்தம் கண்டனங்கள் மிகக் கடியன; சைவர் குற்றத்தையும் கோயில் நடத்துவோர் குற்றத்தையும் மறைத்திலர். இன்சொல்லாலேயே கூட்டம் சேருமென்பார்க்கு இஃது ஐயத்தை விளைக்கும். அவர் கடுமை முதற்கண் தம்மேற் சென்று, பின்னரே பிறர்மேற் சென்றமையின், அன்பர் அதனைப் பொறுத்தனரென்க.

1879 டிசம்பர் 5 இல் நாவலர் சிவபதம் அடைந்தார். அவர் வகுத்த பணிகளைச் சதாசிவப் பிள்ளையும், புராணவுரை மரபை மருகர் பொன்னம்பல பிள்ளையும் தாங்கினர். தலைவர் மறைந்த பின்னும் தளராது நடக்கும் பணியே அவர் தலைமைக்கு உரைகல்லாம்.

தொண்டு செய்வாரைக் காண்கிலேம் என்னுங் குறை மடங்களிலும் சபைகளிலும் எழுங்காலை, தொண்டரைத் தேடுமுன் யாமே தொண்டராயினமா என்று வினவிக்கொள்ளுதல், அப்பெருந்தகைக்கு யாம் செய்யும் குருபூசையாம்.