தன்னையே கணக்குப் பார்த்த தலைவர்!

குழந்தைகளே! ஓசூர் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? மோட்டார் சைக்கிள், லாரி, கைக்கடிகாரம் தயாரிக்கும் பெரிய பெரிய தொழிற்சாலைகள்தானே! கர்நாடக எல்லையை ஒட்டியுள்ள அந்த ஊருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி என்றொரு சிறிய கிராமம் இருக்கிறது. இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக உயர்ந்த ஒருவர் அங்கேதான் பிறந்தார். அவர் யார் தெரியுமா? மூதறிஞர் ராஜாஜி!

1878-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி பிறந்தார் ராஜகோபாலாச்சாரி. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் தொரப்பள்ளி, அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. ஓசூரிலும் பெங்களூரிலும் படித்தார். சென்னையில் சட்டம் பயின்றார். சேலத்தில் வக்கீலாகி, நன்றாகச் சம்பாதித்தார். ஆனால் காந்திஜி அழைத்ததும் அந்த வருமானத்தை அப்படியே விட்டுவிட்டுச் சுதந்திரப் போராட்டத்தில் குதித்தார்.

1921-ம் ஆண்டு இறுதியில் அவரை வேலூர் சிறையில் அடைத்தார்கள். மூன்று மாதத் தண்டனை. ஆஸ்துமா வேறு படுத்தியது. அங்கே அவர் என்ன செய்தார் தெரியுமா? தினமும் டைரி எழுதினார்! அதில் வெள்ளையரை மட்டும் குறை சொல்லவில்லை. சுதந்திரம் வந்தால் எல்லாம் உடனே சரியாகிவிடாது. ஊழலும் அநீதியும் பணக்காரர்களின் ஆதிக்கமும் நம்மிடையே தலைதூக்கும் என்று முன்கூட்டியே எச்சரித்தார். நம் குறைகளை நாமே பார்க்கும் துணிச்சல் அவருக்கு இருந்தது.

1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதர் உற்பத்திதான் அங்கே முக்கிய வேலை. சுற்றுவட்டாரப் பெண்கள் நூற்றுக் கொண்டுவரும் நூலுக்குக் கூலி கிடைத்தது. மழை பொய்த்த காலத்தில் பல வீடுகளில் அடுப்பு எரிந்ததே அந்தக் கூலியால்தான். வக்கீலாக வசதியாக வாழ்ந்த ராஜாஜியும் அங்கே ஓர் எளிய குடிலில்தான் குடியிருந்தார். எல்லாச் சாதியினரும் அங்கே ஒன்றாக வாழ்ந்தார்கள்.

ரோமாபுரியை ஆண்ட மார்க்கஸ் அரேலியஸ் என்ற சக்கரவர்த்தியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? போர்முனையில் இருந்தபோதும், தன் கோபத்தையும் ஆசையையும் எப்படி அடக்குவது என்று தனக்குத்தானே குறிப்பு எழுதிக்கொண்டவர் அவர். அந்தக் குறிப்புகளை 'ஆத்ம சிந்தனை' என்ற பெயரில் தமிழுக்குக் கொண்டுவந்தவர் ராஜாஜிதான்.

தனக்குச் சரியென்று பட்டதற்காக அவர் தனியாக நிற்கவும் தயங்கவில்லை. 1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் சேர மறுத்தார். கூட இருந்தவர்களே கோபித்துக்கொண்டார்கள். ஆனாலும் 1948-ல் அவரே கவர்னர் ஜெனரல் ஆனார். அந்தப் பதவியை வகித்த ஒரே இந்தியர் அவர்தான்!

அப்படிப்பட்டவருக்கும் ஒரு சறுக்கல் வந்தது. 1953-ல் முதலமைச்சராக இருந்தபோது, தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றார். அப்படியானால் செருப்புத் தைப்பவரின் மகன் செருப்புதானே தைக்க வேண்டும்? 'இது குலக்கல்வி' என்று தமிழகமே கொதித்தது. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். தலைவராக இருப்பவர் தன் மனசாட்சியை மட்டும் கேட்டால் போதாது, எதிரே நிற்பவர் சொல்வதையும் கேட்க வேண்டும் என்பதை இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

1972 டிசம்பர் 25-ந் தேதி ராஜாஜி மறைந்தார். தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. நாளை உங்களில் யாராவது ஓசூரில் ஒரு தொழிற்சாலையையே நடத்தலாம். அங்கே வரவு செலவுக் கணக்கு எழுத ஆள் இருப்பார். உங்கள் கோபத்துக்கும் அவசரத்துக்கும் நீங்கள்தான் கணக்கு எழுத வேண்டும்! இன்று இரவே ஒரு பக்கம் எழுதிப் பாருங்களேன்.